ஒரு மீட்டருக்குக் கீழே

நம் ஊருக்குப் பெட்ரோல் எப்படி வருகிறது என்று மதுரைக்காரர்களிடம் கேட்டால் லாரியில் என்றுதான் சொல்வார்கள். பங்க் வரைக்கும் வருவது லாரியில்தான். ஆனால் அந்த லாரிகள் நிரப்பிக்கொண்டு புறப்படும் கப்பலூர் முனையத்துக்கு எண்ணெய் மண்ணுக்கு அடியில் வந்து சேர்கிறது. சென்னை மணலியிலிருந்து திருச்சி வழியாக மதுரை வரை இந்தியன் ஆயில் நிறுவனம் பதித்த குழாய் 2005-ஆம் ஆண்டிலிருந்து இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பெட்ரோலும் டீசலும் ஒரே குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நான்குவழிச் சாலையில் பஸ்ஸில் போகும்போது வயல்களுக்கு நடுவே இடைவெளி விட்டு நிற்கும் அடையாளக் கற்களையும் எச்சரிக்கைப் பலகைகளையும் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசை போகும் திசைதான் குழாய் போகும் திசை.

அடுத்து வருவது எரிவாயு. எண்ணூரில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் திரவ இயற்கை எரிவாயுவைக் கையாளும் முனையம் 2019-இல் திறக்கப்பட்டது. கப்பலில் வரும் அந்த வாயுவைத் தெற்கே கொண்டுபோக எண்ணூர், திருவள்ளூர், பெங்களூரு, புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி என்று ஏழு ஊர்களின் பெயரைச் சேர்த்து வைத்திருக்கும் நீண்ட குழாய்த் திட்டம் இருக்கிறது. இதில் ராமநாதபுரம் முதல் தூத்துக்குடி வரையிலான 143 கிலோமீட்டர் 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. செங்கல்பட்டிலிருந்து சாயல்குடி வரையிலான 488 கிலோமீட்டரை 2024 ஜனவரியில் திருச்சி விழாவில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். நாட்டின் எரிசக்தியில் இயற்கை எரிவாயுவின் பங்கை 2030-க்குள் 15 சதவீதமாக உயர்த்துவது மத்திய அரசின் இலக்கு. இப்போது அது 6, 7 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. அப்படியானால் இனிமேல்தான் குழாய்கள் நிறைய வரப்போகின்றன. வரும் குழாய்களில் பெரும்பகுதி கிராமத்து நிலங்களின் வழியாகத்தான் வரும்.

இந்தக் குழாய்கள் வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. 2025 ஜனவரி 3-ஆம் தேதி கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் சமையல் எரிவாயு டேங்கர் லாரி ஒன்று கவிழ்ந்தது. கொச்சியிலிருந்து வந்த லாரி. உள்ளே 18 டன் வாயு. சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, தீயணைப்புத் துறையினர் நாள் முழுக்கத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் போனது அந்த ஊரின் அதிர்ஷ்டம். எரிபொருளை நெடுஞ்சாலையில் உருட்டிக்கொண்டு போவதைவிட மண்ணுக்கு அடியில் அனுப்புவது பாதுகாப்பானது, செலவும் புகையும் குறைவு. இதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. நகரத்தில் அடுப்பு எரிய வேண்டும், தூத்துக்குடியில் ஆலை ஓட வேண்டும். அதற்கான விலையைத் திருமங்கலத்துக்குத் தெற்கே மூன்று ஏக்கர் கரிசல் வைத்திருக்கும் ஒருவர் ஏன் தன் பங்குக்கு மேலாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அந்த ஒருவர் என் பெரியப்பா. எந்த நிறுவனத்தின் குழாய் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. எந்த நிறுவனமாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான், நடைமுறையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்தச் சட்டம் 1962-இல் வந்தது. பெட்ரோலியக் குழாய்களுக்காக நிலத்தில் உபயோக உரிமை பெறும் சட்டம். ரயில் பாதைக்கோ அணைக்கோ நிலம் எடுப்பதுபோல இதில் நிலத்தை எடுப்பதில்லை. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், வரியும் நீங்கள்தான் கட்டுவீர்கள், உழலாம், விதைக்கலாம். நிலத்துக்கு அடியில் குழாய் பதிக்கவும், தேவைப்படும்போது உள்ளே வந்து பார்க்கவும் பழுது நீக்கவும் உள்ள உரிமை மட்டும் அரசுக்குப் போய்விடும். அரசு அதைக் குழாய் பதிக்கும் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஒன்பதாவது பிரிவைப் படிக்கும்வரை எனக்கும் அப்படித்தான் தோன்றியது. குழாய்க்காக உரிமை எடுத்துக்கொள்ளப்பட்ட நீளமான நிலப் பட்டையில் நிலத்துக்காரர் கட்டடம் கட்டக் கூடாது. குளமோ கிணறோ வெட்டக் கூடாது. மரம் நடக் கூடாது. மீறினால் மாவட்ட நீதிபதியின் உத்தரவோடு அகற்றிவிட்டு, அகற்றிய செலவையும் நிலத்துக்காரரிடமே வசூலிக்கலாம்.

கட்டடத் தடையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எங்கள் பக்கத்தில் உயிரை எடுப்பது கிணற்றுத் தடை. வைகைத் தண்ணீரும் பெரியாறு கால்வாயும் எட்டும் மேலூர், வாடிப்பட்டிக்காரர்களுக்கு இது அவ்வளவாக உறைக்காமல் போகலாம். திருமங்கலத்துக்குத் தெற்கேயும் மேற்கேயும், கள்ளிக்குடி, தே. கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கமெல்லாம் பெரும்பாலும் மானாவாரி. கண்மாய் பெருகினால் ஒரு போகம், இல்லையென்றால் வானத்தைப் பார்த்துக் குதிரைவாலியும் சோளமும் பருத்தியும். அங்கே ஒரு நிலத்தின் மதிப்பு அதில் எங்கே தண்ணீர் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. மூன்று ஏக்கரிலும் தண்ணீர் இருக்காது. ஏதோ ஒரு மூலையில், பள்ளமான பக்கத்தில், வரப்போரம் கோடையிலும் புல் பச்சையாக நிற்கும் இடத்தில் இருக்கும். பெரியப்பாவின் பழைய கிணறு மேட்டுப் பக்கம் இருக்கிறது, வற்றிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பள்ளத்தில் புதுக் கிணறு வெட்டுவது என்று பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். சர்வேயர்கள் வந்து சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சிகளை அடித்துக்கொண்டு போனபோது அந்தப் பள்ளம் பட்டைக்குள் போய்விட்டது.

குழாய் நேர்கோட்டில் போகும். நம் நிலங்கள் நேர்கோட்டில் இல்லை. பாகம் பிரித்துப் பிரித்து நீளமாகவும் கோணலாகவும் கிடப்பவை. எனவே குழாய் ஒருவரின் நிலத்தை ஓரமாக ஒட்டிப் போகாது, மூலைக்கு மூலை வெட்டிக்கொண்டு போகும். பெரியப்பாவின் நிலம் இப்படித்தான் இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. வரப்போரமாகக் கொண்டுபோயிருந்தால் அவருக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் பாதிப் பாதி நஷ்டத்தோடு முடிந்திருக்கும். ஒவ்வொரு வரப்புக்கும் வளைத்தால் செலவு கூடும் என்பது பொறியாளர்கள் சொல்லும் காரணம், அது உண்மைதான். அந்தச் செலவைச் சேமித்தவர் ஒருவர், அதைச் சுமந்தவர் இன்னொருவர்.

இழப்பீட்டுக்கு வருகிறேன். வெட்டப்படும் மரத்துக்கும் அழியும் பயிருக்கும் தனியாகக் கொடுப்பார்கள். அதற்கு மேல், உபயோக உரிமைக்காக, அந்தப் பட்டை நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். ஒரே ஒரு முறை. பெரிய எரிவாயுக் குழாய்களுக்கு 20 மீட்டர் அகலம் எடுப்பது வழக்கம். நிலத்தில் 100 மீட்டர் நீளத்துக்குக் குழாய் போனால் 2,000 சதுர மீட்டர், ஏறக்குறைய அரை ஏக்கர். ஏக்கர் 4 லட்சம் ரூபாய் என்று மதிப்புப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை ஏக்கர் 2 லட்சம். அதில் பத்தில் ஒரு பங்கு 20,000 ரூபாய். அரை ஏக்கரில் இனி எந்தக் காலத்திலும் கிணறு வெட்ட மாட்டேன், தென்னை வைக்க மாட்டேன், மகனுக்கு வீடு கட்டித் தர மாட்டேன், என் பேரன் காலத்திலும் இதே நிலைதான் என்று ஒப்புக்கொள்வதற்கான தொகை இது. சந்தை மதிப்பு என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் பத்திரப் பதிவில் உள்ள விலையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கிராமத்துப் பத்திரங்களில் எழுதியிருக்கும் விலை என்ன, கைமாறும் விலை என்ன என்பது பதிவு அலுவலக வாசலில் நிற்கும் எவருக்கும் தெரியும்.

இந்த 10 சதவீதம் 1962-இல் எழுதப்பட்டது. இன்று வரை அதே 10 சதவீதம்தான். உயர் அழுத்த மின்கம்பிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் அநியாயம் புரியும். கம்பி செல்லும் பாதைக்கு நில மதிப்பில் 15 சதவீதம் வரை தரலாம் என்று மத்திய மின்துறை 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2024 ஜூனில் அதை 30 சதவீதமாக உயர்த்தியது. கோபுரத்தின் கால்கள் ஊன்றும் இடத்துக்கு 85 சதவீதமாக இருந்ததை 200 சதவீதமாக்கியது. மாநிலங்கள் ஏற்றால்தான் நடைமுறைக்கு வரும் என்றாலும், இவ்வளவு கொடுப்பதுதான் முறை என்று ஒரு துறை ஒப்புக்கொண்டுவிட்டது. தலைக்கு மேலே போகும் கம்பிக்கு 30, காலுக்கு அடியில் போகும் குழாய்க்கு 10. கம்பிக்குக் கீழேயாவது கிணறு வெட்ட வழி இருக்கிறது. 2013-இல் வந்த புதிய நிலமெடுப்புச் சட்டம், பாதிக்கப்படுபவர்களுக்குப் பல மடங்கு இழப்பீடு தந்த சட்டம், இயற்றப்பட்டபோது தன் நான்காம் அட்டவணையில் 13 சட்டங்களைத் தன் வரம்புக்கு வெளியே ஒதுக்கி வைத்தது. குழாய்ச் சட்டம் அவற்றில் ஒன்று.

ஊரில் எவருடைய வயலிலாவது செல்போன் கோபுரம் நின்றால் மாதந்தோறும் வாடகை வருகிறது. ஒப்பந்தம் முடிந்தால் புதுப்பிக்கிறார்கள், வாடகையும் ஏறுகிறது. குழாயில் எண்ணெய் ஓடும் ஒவ்வொரு நாளும் அதை அனுப்புகிறவருக்கு வருமானம் வருகிறது. அப்படியிருக்க நிலத்துக்காரருக்கு மட்டும் ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை மூடிவிடுவது எந்த வகையில் சரி? ஆண்டுக்கு ஒரு வாடகை, சிறிதானாலும், விலைவாசியோடு சேர்ந்து உயரும் வாடகை வேண்டும். அதுதான் நான் கேட்பது. அந்த வாடகை குழாய் இருக்கும் வரை வர வேண்டும், நிலம் கைமாறினால் வாங்கியவருக்கும் வர வேண்டும். அப்போது அந்தப் பட்டை நிலத்துக்கு ஒரு விலை இருக்கும். இப்போது பத்திரத்தில் குழாய் இருப்பது தெரிந்தாலே வாங்க வருபவர் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை அருகில் நின்று பார்த்தேன். கரிசல் மண் மேலே மூன்று நான்கு அடிக்குக் கறுப்பாக இருக்கும். அதற்குக் கீழே வெளிறிப்போன சுக்கான் மண், சுண்ணாம்புக் கட்டிகள் கலந்தது. குழாயின் தலைக்கு மேல் ஒரு மீட்டராவது மண் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குழாயின் பருமனையும் சேர்த்தால் பள்ளம் ஆள் உயரத்துக்கு இறங்கும். இயந்திரம் வாரிப்போடும்போது முதலில் வரும் கறுப்பு மண்ணை ஒரு பக்கமும், பிறகு வரும் வெள்ளை மண்ணை இன்னொரு பக்கமும் குவிக்க வேண்டும். குழாயை இறக்கிய பிறகு வெள்ளையை முதலில் தள்ளி, கறுப்பை மேலே பரப்ப வேண்டும். இதுதான் விதி, வேலை செய்பவர்களுக்கும் தெரியும். பெரியப்பா நிலத்தில் வேலை நடந்தபோது ஐப்பசி மழை நெருங்கிக்கொண்டிருந்தது. பற்றவைத்து, எக்ஸ்ரே எடுத்து, பூச்சில் ஓட்டை இருக்கிறதா என்று சோதித்து, குழாயைப் பொறுமையாகத்தான் இறக்கினார்கள். அதில் குறை சொல்ல முடியாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருந்த பிள்ளைகள், வெயிலில் நின்று ஒவ்வொரு இணைப்பையும் கண்ணும் கருத்துமாகச் செய்தார்கள். மண்ணை மூடுவதில்தான் அவசரம் காட்டினார்கள். இரண்டு குவியலையும் ஒன்றாகத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த பட்டத்தில் பருத்தி போட்டார். வயலின் மற்ற இடங்களில் செடி இடுப்பளவு வளர்ந்து காய் பிடித்திருந்தது. அந்தப் பட்டையில் மட்டும் முழங்கால் உயரம். இலை மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தன. சுண்ணாம்பு கூடிய மண்ணில் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போவதன் அடையாளம் அது. வரப்பில் நின்று பார்த்தால் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைச் செடியின் நிறமே கோடு போட்டுக் காட்டியது. மழைக்குப் பிறகு மூடிய மண் அமிழ்ந்து நீளமாக ஒரு பள்ளம் விழுந்து, அதில் தண்ணீர் தேங்கி நின்றது. தொழு உரம் அடித்து, கண்மாய் வண்டல் அடித்து, இன்னும் அந்தப் பட்டையைப் பழையபடி கொண்டுவர அவர் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார். சட்டத்தில் பத்தாவது பிரிவு நஷ்டத்துக்கு இழப்பீடு உண்டு என்கிறது. அதை நம்பி மனுக் கொடுத்தார். நிறுவனத்தின் அலுவலகம் ஒப்பந்ததாரரைக் கைகாட்டியது. ஒப்பந்ததாரர் வேலை முடிந்து வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தார். பயிருக்கான பணத்தை ஏற்கெனவே வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்று பதில் வந்தது. அந்தப் பணம் குழாய் பதித்தபோது நின்ற பயிருக்கானது. அதற்குப் பிறகு விளையாமல் போன பயிருக்கு யார் பொறுப்பு என்பதற்கு இன்று வரை பதில் இல்லை.

கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் காலும் இப்படித்தான். எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனியாக இருப்பவை அல்ல, ஒரு கண்மாய் நிரம்பி வழியும் மறுகால் அடுத்த கண்மாயின் வரத்து. நடுவில் ஒரு வரத்துக் காலை வெட்டிக் குழாயை இறக்கி, கரையைச் சரியாகக் கெட்டிப்படுத்தாமல் விட்டால், முதல் பெருமழையில் அந்த இடத்தில்தான் உடைப்பு எடுக்கும். எங்கள் ஊருக்கு மேலே அப்படி ஓர் இடத்தில் தண்ணீர் வேறு பக்கம் பாய்ந்து, கண்மாய்க்கு வர வேண்டியது ஓடையில் போய்ச் சேர்ந்தது. கடைசியில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள்தான் மண் சுமந்து கரையை உயர்த்தினார்கள். பெரிய ஆறுகளைக் கடக்கும்போது படுகைக்குக் கீழே பக்கவாட்டில் துளையிட்டுக் குழாயை இழுத்துவிடுகிறார்கள், மேலே ஒரு கீறல் விழுவதில்லை. சிறிய வரத்துக் கால்களுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. வரைபடத்தில் அது மெல்லிய கோடு. ஊருக்கு அதுதான் சோறு.

மேற்கு மாவட்டங்களில் இதற்காகப் பெரிய போராட்டமே நடந்தது. கெயில் நிறுவனத்தின் கொச்சி-பெங்களூரு எரிவாயுக் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்ட விவசாய நிலங்கள் வழியாக, 310 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டது. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று விவசாயிகள் கேட்டார்கள். 2013-இல் ஜெயலலிதா அரசு வேலையை நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மத்தியச் சட்டத்துக்கு முன்னால் மாநில அரசால் தடை போட முடியவில்லை. ஆனால் இதே குழாயின் கேரளப் பகுதியைப் பாருங்கள். 2017-இல் கோழிக்கோடு மாவட்டத்தில் முக்கம் பக்கம் மக்கள் வீதிக்கு வந்ததும், கேரள அரசு நிலத்துக்கான இழப்பீட்டை இரட்டிப்பாக்கியது. 10 சென்ட்டோ அதற்குக் குறைவாகவோ வைத்திருப்பவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் தனியாகத் தர ஒப்புக்கொண்டது. அவர்கள் வீடு கட்ட இடம் இருக்கும்படி கட்டுப்பாட்டின் அகலத்தையும் சுருக்கியது. கொச்சியிலிருந்து மங்களூரு வரை 450 கிலோமீட்டர் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது. கூடுதலாகக் கொடுத்ததால் திட்டம் நின்றுபோகவில்லை, முடிந்தது. சட்டத்தில் உள்ள 10 சதவீதம் கொடுக்க வேண்டிய குறைந்த அளவு. அதற்கு மேல் கொடுக்க எந்தத் தடையும் இல்லை என்பதற்குக் கேரளமே சான்று.

நம் பக்கத்தில் ஏன் அப்படி ஒரு குரல் எழவில்லை? மதுரை மாவட்டம் குரல் கொடுக்கத் தெரியாத மாவட்டம் அல்ல. மேலூர் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அரிட்டாபட்டியும் சுற்றுவட்டார ஊர்களும் எழுந்து நின்றன. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரை வரை பேரணியாக வந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கே மலை இருந்தது, குடைவரைக் கோயில் இருந்தது, எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து வந்தது. குழாய் அப்படி வருவதில்லை. ஓர் ஊரில் இருபது பேர் நிலத்தை மட்டும் தொட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். அந்த இருபது பேரில் பாதிப்பேர் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். பட்டா இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கிறது, அல்லது ஏழெட்டுப் பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. நோட்டீஸ் தாத்தாவின் பெயருக்கு வருகிறது. வாரிசுச் சான்று வாங்கி, பெயர் மாற்றி, ஆட்சேபம் எழுதுவதற்குள் நாள் கடந்துவிடுகிறது. சட்டம் ஆட்சேபம் தெரிவிக்கக் கொடுத்திருப்பது 21 நாள். அறிவிக்கை அரசிதழில் வருகிறது. அதில் இருப்பவை வெறும் சர்வே எண்களும் ஹெக்டேர் கணக்கும். உழுது பிழைப்பவர் அதைப் பார்த்து இது தன் பள்ளத்து வயல் என்று கண்டுகொள்வது எளிதல்ல.

விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவர்களின் நிலை இன்னும் மோசம். நிலத்தில் அக்கறையுள்ள எவரும் நஷ்டம் கேட்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. ஆனால் வாய்வழி வாரத்துக்கு எந்தத் தாளும் கிடையாது. கிராமத்தின் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் பெயர் இல்லாதவருக்குப் பயிர்ப் பணம் வருவதில்லை. விதைத்தவர் ஒருவர், காசோலை வாங்கியவர் வேறொருவர் என்று எங்கள் ஊரிலேயே இரண்டு குடும்பங்கள் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டன.

ஆபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், பயமுறுத்துவதற்காக அல்ல. 2014 ஜூன் 27-ஆம் தேதி அதிகாலை ஆந்திராவில் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வீடுகளும் தென்னந்தோப்புகளும் கருகின. ஈரமும் கழிவும் கலந்த வாயு குழாயை உள்ளிருந்தே அரித்திருந்தது. கசிவு இருக்கிறது என்று ஊரார் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. கேட்க வந்த மக்கள் மீது தடியடி நடத்திக் கைது செய்தார்கள். இரண்டிலும் நான் பார்ப்பது ஒன்றுதான். அரிப்பு என்பது தடுக்கக் கூடியது. குழாயின் மேல் பூச்சு, மண்ணில் அரிக்காமல் இருக்க அதற்குக் கொடுக்கப்படும் மிகக் குறைந்த மின்னோட்டம், உள்ளே அனுப்பிச் சுவரின் தடிமனை அளந்துவரும் கருவி, தினமும் பாதையில் நடந்து பார்க்கும் காவலர்கள் என்று எல்லாம் இருக்கின்றன. வயலில் ஆங்காங்கே நிற்கும் சிறிய கம்பங்கள் அந்த மின்னோட்டத்தை அளப்பதற்கானவை. அவற்றைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பயந்து ஒதுங்குகிறார்கள். அப்படி இல்லை என்று வந்து சொல்ல ஒருவரும் இல்லை. நகர வீடுகளுக்குப் போகும் வாயுவில் கசிந்தால் தெரிவதற்காக நாற்றம் சேர்க்கிறார்கள். ஊர் ஊராகப் போகும் பெரிய குழாய்களில் பெரும்பாலும் அது இருக்காது என்பதும் இங்கே யாருக்கும் தெரியாது. மண் திடீரென்று குமிழியிட்டால், ஓரிடத்தில் மட்டும் புல் காரணமில்லாமல் கருகினால், சீறும் சத்தம் கேட்டால் அங்கே பீடி பற்றவைக்கக் கூடாது, மோட்டாரைப் போடக் கூடாது, விலகி நின்று பலகையில் உள்ள எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இதை ஊர் மந்தையில் ஒரு மாலை நேரம் தமிழில் விளக்கிச் சொல்ல எவ்வளவு செலவாகிவிடும்?

இந்த வழியில் அடுத்த குழாய் வரும். சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. எங்கள் பக்கத்துச் சம்சாரிகளுக்காக அவற்றைச் சொல்லிவிடுகிறேன். முளைக்குச்சி அடிக்க ஆள் வந்தாலே வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போய் எந்தச் சர்வே எண்கள் அறிவிக்கையில் இருக்கின்றன என்று கேளுங்கள். 21 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். குழாயே வேண்டாம் என்று மட்டும் எழுதாமல், வரப்போரமாகக் கொண்டுபோக வழி இருக்கிறது, இந்த இடத்தில் கிணறு வெட்ட இருக்கிறேன், இங்கே வரத்துக் கால் போகிறது என்று குறிப்பாக எழுதினால் விசாரணையில் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் தரப்பில் வழக்கறிஞரும் பேசலாம். வீடு இருக்கும் இடம், வீட்டைச் சேர்ந்த கொல்லை, நிரந்தரக் கட்டுமானம் உள்ள இடம் ஆகியவற்றின் அடியில் குழாய் பதிக்கச் சட்டமே அனுமதிக்கவில்லை. அப்படி ஏதாவது இருந்தால் முதலில் அதைக் காட்டுங்கள். தாத்தா பெயரில் பட்டா இருந்தால் குழாய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே மாற்றிவிடுங்கள். வாரத்துக்கு உழுகிறவர் பெயரை அடங்கலில் ஏற்றச் சொல்லுங்கள்.

இயந்திரம் இறங்குவதற்கு முன் மரங்களையும் பயிரையும் எண்ணி மகஜர் எழுதுவார்கள். கூடவே நடந்து ஒவ்வொரு வேம்பையும் பனையையும் சேர்க்கச் சொல்லுங்கள், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், நகல் வாங்காமல் விடாதீர்கள். மேல் மண்ணைத் தனியாக வைத்து மூடித் தர வேண்டும் என்று அதே மகஜரில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வாங்கும் பணம் நிற்கும் பயிருக்கு மட்டுமே, பின்னால் விளைச்சல் குறைந்தால் அதற்குத் தனியாகக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்று இன்னொரு வரி. தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம் என்று பத்தாவது பிரிவே சொல்கிறது. பெரியப்பா அந்த மனுவை இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறார். பட்டை மண்ணையும் அதற்கு வெளியே உள்ள மண்ணையும் தனித்தனியாக எடுத்து மண் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம், அந்த அறிக்கைகளும் பருத்தியின் படங்களும் மனுவோடு போகும்.